ஸ்தோத்திரம், நன்றி, நன்றியறிதல்: தமிழ் விவிலியத்தில் அன்றாட நன்றியின் சொற்கள்

கிறித்தவ மரபில் நன்றி கூறுதல் பண்டிகை நாளுக்கு மட்டும் உரிய கடமையாகக் கொள்ளப்படவில்லை. உண்ணும்போதும் உறங்கப் போகும்போதும் இடர் நேரும்போதும் இடையறாது நிகழவேண்டிய ஒரு பழக்கமாகவே புதிய ஏற்பாடு அதனை முன்வைக்கிறது. அந்நூல் தொகுதியில் காலத்தால் மிக முற்பட்டவற்றுள் ஒன்றாகக் கருதப்படும் தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் திருமுகத்திலேயே (5:18) இக்கட்டளை இடம்பெற்றுவிடுகிறது. கட்டளை எளியது, ஆயினும் அதனைத் தமிழில் நிறைவேற்ற முனைபவர் முதலில் ஒரு சொல்லைத் தேர்ந்தாக வேண்டும். அவர் ‘ஸ்தோத்திரம்’ என்பாரா, ‘நன்றி’ என்பாரா? இரண்டும் ஒரே கிரேக்கச் சொல்லின் மொழிபெயர்ப்புகள். ஆனால் இரண்டும் ஒரே செயலைக் குறிப்பன அல்ல என்பதே இக்கட்டுரையின் கருத்து.

ஒப்பீட்டிற்கு இரண்டு மொழிபெயர்ப்புகள் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. ஒன்று, பப்ரிசியுஸின் 18ஆம் நூற்றாண்டு மொழிபெயர்ப்பை அடியொற்றி, ஹென்றி பவர் தலைமையிலான குழுவினரால் திருத்தப்பெற்று 1871இல் முழுமையாக வெளிவந்த பதிப்பு. சீர்திருத்தத் திருச்சபையினரிடையே இன்றும் பெருவழக்காக உள்ளது இதுவே. மற்றொன்று, கத்தோலிக்கரும் சீர்திருத்தத் திருச்சபையினரும் இணைந்து உருவாக்கி 1995இல் வெளியிட்ட ‘திருவிவிலியம்’. முன்னதைப் பழைய பதிப்பு என்றும் பின்னதைப் பொதுமொழிபெயர்ப்பு என்றும் ஈண்டுக் குறிப்போம்.

பழைய பதிப்பின் மொழி வடமொழிச் சொற்கள் மிகுந்தது. ஆகவே அதன் ‘ஸ்தோத்திரம்’ காலம் கடந்துபோன ஒரு சொல் என்று தள்ளிவிடுவது எளிது. அவ்வாறு தள்ளிவிடுவோர், அச்சொல் அப்பதிப்பில் எங்கு வருகிறது, எங்கு வரவில்லை என்பதை நோக்குவதில்லை. ‘யூகரிஸ்தேயோ’ என்னும் கிரேக்க வினையும் அதன் கிளைச்சொற்களும் கடவுளை நோக்கி வருமிடத்துப் பழைய பதிப்பு பெரும்பாலும் ‘ஸ்தோத்திரம்’ என்கிறது. மனிதரை நோக்கி வருமிடத்து அவ்வாறு செய்வதில்லை. பேலிக்ஸ் என்னும் ஆளுநரை வழக்குரைஞன் தெர்த்துல்லு முகமன் கூறி விளிக்கும் இடத்தில் (அப்போஸ்தலர் 24:3) ‘நன்றியறிதல்’ என்னும் சொல்லைக் காண்கிறோம். தனக்காக உயிரையே பணயம் வைத்த பிரிஸ்கில்லாள், ஆக்கில்லா ஆகியோர்க்குப் பவுல் நன்றி சொல்லும் இடத்திலும் (ரோமர் 16:4) அதே சொல்தான். நன்றியில்லாதவர் என்னும் எதிர்மறைப் பெயரும் (லூக்கா 6:35, 2 தீமோத்தேயு 3:2) ‘நன்றியறி’ என்பதன் அடியாகவே அமைகிறது. கொலோசெயர் திருமுகத்தில் (3:15) நன்றி ஒரு செயலாக அன்றி நிலையான பண்பாகக் கூறப்படுமிடத்திலும் ‘நன்றியறிதல்’ என்பதே தெரிவாகியுள்ளது.

ஆகவே இது சொல்வளமின்மையால் நேர்ந்ததன்று. தமிழ்ச் சமூகத்தின் மரியாதை ஒழுங்கையும் சமயக் கோட்பாட்டையும் ஒருங்கே கருத்திற் கொண்ட பங்கீடு எனலாம். கடவுளுக்கு வாயால் உரைப்பது ஸ்தோத்திரம். மனிதருக்கு உள்ளத்தால் கொள்வது நன்றியறிதல். இப்பங்கீட்டின் கூர்மை லூக்கா நற்செய்தியின் 17ஆம் அதிகாரத்தில் தெளிவாகப் புலப்படுகிறது. அங்கு ஒன்பதாம் வசனத்தில், கட்டளைப்படி வேலை செய்த ஊழியனுக்கு எசமானன் நன்றி கூறுவானா என்னும் வினா எழுகிறது. பழைய பதிப்பு அங்கு ‘உபசாரம்’ என்கிறது. மேலோன் கீழோனுக்குச் செய்யும் பரிவுக்கு அக்காலத் தமிழில் பொருந்திய சொல் அது. ஏழு வசனங்கள் கழித்து, குணமடைந்த தொழுநோயாளருள் சமாரியன் ஒருவன் மட்டும் திரும்பி வந்து இயேசுவின் காலடியில் விழுகிறான். அங்கு ‘ஸ்தோத்திரம்’ வருகிறது. மனிதருக்கு ‘நன்றியறிதல்’, கடவுளுக்கு ‘ஸ்தோத்திரம்’ என்னும் பங்கீட்டை மொழிபெயர்ப்பாளர் கைக்கொண்டிருக்க, இவ்வொரு சொல்லால் இயேசு யார் என்ற வினாவுக்கு விடையும் கூறப்பட்டுவிடுகிறது. கிரேக்க மூலத்தின் வினை இத்தகைய வேறுபாட்டைக் காட்டுவதில்லை. பேலிக்ஸுக்கும் கடவுளுக்கும் அங்கு ஒரே வேர்ச்சொல்தான். மூலம் திறந்து வைத்ததை மொழிபெயர்ப்பு முடித்து வைத்திருக்கிறது. இதனைக் குறை என்பதா, நிறை என்பதா என்பது வாசிப்பவரின் நிலைப்பாட்டைப் பொறுத்தது. என் கணிப்பில் இது அளவு கடந்த விளக்கம். ஆனால் அறியாமையால் நிகழ்ந்ததன்று.

‘ஸ்தோத்திரம்’ தாங்கும் சுமை இத்துடன் முடியவில்லை. உணவைக் கையில் எடுத்து யூதர் சொல்லும் வேண்டுதலில் வாழ்த்தப்படுவது உணவன்று, அதனை அளித்த கடவுளே. எபிரேயத்தில் ‘பாரக்’ என்றும் கிரேக்கத்தில் ‘யூலொகேயோ’ என்றும் வழங்கும் இவ்வினை, கடவுள் மனிதரை வாழ்த்துவதற்கும் மனிதர் கடவுளை வாழ்த்துவதற்கும் பொதுவாக நிற்பது. தமிழில் இவ்விருவழிப் போக்கு இயலாது. ஆசீர்வாதம் மேலிருந்து கீழே வருவது. பேரன் பாட்டனை ஆசீர்வதிப்பதில்லை. எனவே வினையின் செயப்படுபொருள் கடவுளாகும்போது பழைய பதிப்பு ‘ஸ்தோத்திரி’ என்றும், அப்பமோ மீனோ ஆகும்போது ‘ஆசீர்வதி’ என்றும் பிரித்தது. 103ஆம் சங்கீதத்தின் தொடக்கத்தில் ஆன்மாவை விளித்துக் கூறப்படும் ஏவல் ‘ஸ்தோத்திரி’ என அமைந்தது இக்காரணத்தாலேயே. இதன் விளைவாக வாழ்த்தும் நன்றியும் தமிழில் ஒரே சொல்லுக்குள் ஒடுங்கின. எபிரேயத்தில் நன்றி கூறுதலுக்கெனத் தனிச்சொல் இல்லை; ‘தோதா’ என்பது புகழ்தலின் ஒரு வகையே என்று கிளாவுஸ் வெஸ்டர்மன் தம் சங்கீத ஆய்வில் (1954) வாதிட்டார். அவர் கருத்தை ஏற்போமாயின், பழைய பதிப்பின் ‘ஸ்தோத்திரம்’ கிரேக்கத்தை விட எபிரேயத்துக்கு நெருங்கி நிற்கிறது என்று கொள்ள இடமுண்டு.

இனி ‘நன்றி’ என்னும் சொல்லை நோக்குவோம். இன்று மேடையில் ‘நன்றியுரை’ என்றும், ஊரெல்லைப் பலகையில் ‘நன்றி, மீண்டும் வருக’ என்றும் காணப்படும் இச்சொல் பழந்தமிழில் உணர்ச்சியையோ உபசார மொழியையோ முதன்மையாகக் குறித்ததன்று. செய்யப்பட்ட நன்மையே நன்றி. திருக்குறளின் 11ஆம் அதிகாரத் தலைப்பு ‘செய்ந்நன்றியறிதல்’ என்பதாகும். ஒருவர் செய்த நன்மையை அறிதல் என்பது அதன் நேர்ப்பொருள். அவ்வதிகாரத்தில் நன்றி செய்யப்படுகிறது, அளந்து பார்க்கப்படுகிறது, மறக்கப்படக் கூடாததாகிறது, கொல்லப்படுவதாகவும் பேசப்படுகிறது, எங்கும் சொல்லப்படுவதில்லை. ‘உப்பிட்டவரை உள்ளளவும் நினை’ என்னும் பழமொழியிலும் வினை ‘நினை’ என்பதுதான். அறிதல், உள்ளுதல், மறவாமை ஆகிய அகவினைகளைக் கொண்டே தமிழ் இப்பண்பைப் பேசியிருக்கிறது.

கிரேக்கத்தின் ‘காரிஸ்’ என்னும் சொல்லோடு இதனை ஒப்பிட்டால் வியப்பான ஓர் ஒற்றுமை தெரியவரும். ‘காரிஸ்’ என்பது கொடுப்போனின் அருளையும் குறிக்கும், பெற்றோன் அதற்கு ஈடாகத் திருப்பும் நன்றியையும் குறிக்கும். கொடைக்கும் எதிர்கொடைக்கும் ஒரே பெயர். தமிழின் ‘நன்றி’யும் அவ்வாறே முதலில் நன்மையைக் குறித்து, பின்னர் அந்நன்மைக்கு எதிரான மொழியையும் குறிப்பதாயிற்று. எனினும் மொழிபெயர்ப்பாளர் முன்னதற்குக் ‘கிருபை’ அல்லது ‘அருள்’ என்றும் பின்னதற்கு ‘ஸ்தோத்திரம்’ அல்லது ‘நன்றி’ என்றும் வகுத்ததால் இவ்வேர்த்தொடர்பு அறுந்துபோயிற்று. இவ்விடத்தில் ‘நற்கருணை’ என்னும் சொல் நினைவுக்கு வருகிறது. ‘யூகரிஸ்தியா’ என்னும் சடங்குப் பெயரின் உறுப்புகளைத் தனித்தனியே பெயர்த்தால் ‘நல்’, ‘கருணை’ என்றே கிடைக்கும். சொல்லாக்கம் அவ்வழியில் நிகழ்ந்தது போலவே தோன்றுகிறது. அருள் தமிழில் வந்து சேர்ந்தது. நன்றி வழியில் தங்கிவிட்டது.

பொதுமொழிபெயர்ப்பு இச்சூழலில் செய்த மாற்றம் துணிவானது. சங்கீதத்தின் ‘பாரக்’ என்பதற்குப் ‘போற்று’ என்றும், நன்றி குறித்த இடங்களில் ‘நன்றி’ என்றும் அது பிரித்தமைத்தது. 136ஆம் திருப்பாடலின் தொடக்கத்தில் பழைய பதிப்பு ‘துதி’ என்று கூறியதை இது நன்றியாக்கியது. லூக்கா 17இல் எசமானன் ஊழியனுக்குக் கூறாததும் ‘நன்றி’, சமாரியர் செலுத்தியதும் ‘நன்றி’. பழைய பதிப்பில் ‘உபசாரம்’, ‘ஸ்தோத்திரம்’ என்னும் இரு சொற்களால் மறைந்திருந்த உறவு இங்கு வெளிப்படுகிறது: கடமைக்கு நன்றி எதிர்பாராத ஊழியனும், கேளாமலே நன்றி கூறத் திரும்பி வந்த அந்நியனும் ஒரே அதிகாரத்தில் அடுத்தடுத்து நிற்பது தற்செயலா என்று வாசகர் வினவ இப்போதுதான் வழி பிறந்தது. பரிசேயனின் வேண்டுதலிலும் (லூக்கா 18:11) இதே பயன் உண்டு. பிறரைப் போல் தான் இல்லாமைக்காக அவன் ‘ஸ்தோத்திரிக்கிறேன்’ என்னும்போது அது மிகையான பக்தி போல ஒலிக்கிறது. ‘நன்றி செலுத்துகிறேன்’ என்னும்போது, நன்றியே தற்பெருமைக்கு ஊர்தியாகும் கேடு உடனே உறைக்கிறது. நாள்தோறும் நன்றி கூறிப் பழகும் எவரும் அஞ்சவேண்டிய இடம் இது. இங்குப் பொதுமொழிபெயர்ப்பே மூலத்தின் குத்தலை முழுமையாகத் தந்திருக்கிறது.

ஆனால் இதே சீர்மை வேறிடத்தில் இடறுகிறது. பல ஆண்டுகளுக்கு முன் நெல்லைப் பகுதிச் சிற்றூர் ஒன்றில் ஒரு துக்க வீட்டிற்குச் சென்றிருந்தேன். கணவரை அன்று காலையில் இழந்த மூதாட்டி, வந்தவர் ஒவ்வொருவர் கையையும் பற்றி, ‘ஸ்தோத்திரம் ஐயா, ஸ்தோத்திரம் அம்மா’ என்று மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தார். அச்சொல் அங்கு வரவேற்பாகவும் வேண்டுதலாகவும் அழுகையாகவும் நின்றது. யாருக்கும் அது பொருந்தாததாகப் படவில்லை. மாலையில் குடும்ப வேண்டுதலின்போது அவருடைய பேரன் தெசலோனிக்கேயர் பகுதியைப் பொதுமொழிபெயர்ப்பிலிருந்து வாசித்தான். நன்றி கூறும்படியான கட்டளை வந்ததும் குரல் தடைப்பட்டது, புத்தகத்தை மூடிவிட்டான். பிறகு என்னிடம், ‘தாத்தா போனதுக்கு எப்படிங்க ஐயா நன்றி சொல்லுறது?’ என்று கேட்டான். பாட்டியின் சொல்லும் பேரனின் சொல்லும் அகராதியில் அருகருகே வைக்கத்தக்கவையே. அவ்வீட்டில் அவற்றிடையே இருந்த தொலைவை எந்த அகராதியும் காட்டாது.

அவன் கேட்ட வினா இலக்கண வினாவும் ஆகும். தெசலோனிக்கேயர் திருமுகத்தில் கிரேக்கம் ‘என்’ என்னும் முன்னிடைச் சொல்லை ஆள்கிறது. அதாவது எல்லாவற்றின் நடுவிலும் நன்றி கூறுக என்பது பொருள். எல்லாவற்றின் பொருட்டும் என்று அவ்விடம் சொல்லவில்லை. பழைய பதிப்பு ‘எல்லாவற்றிலேயும்’ என ஏழாம் வேற்றுமையை வைத்து இவ்வேறுபாட்டைக் காத்தது. எபேசியர் திருமுகத்தில் (5:20) ‘ஹூபெர்’ என்னும் வேறு முன்னிடைச் சொல் வருமிடத்து ‘எல்லாவற்றிற்காகவும்’ என மாற்றியும் காட்டியது. பொதுமொழிபெயர்ப்பு தெசலோனிக்கேயர் வசனத்தில் வேற்றுமையைக் கைவிட்டு, ‘நேர்ந்தாலும்’ என்னும் எச்ச வடிவத்தைக் கொண்டது. பொருள் தவறில்லை; இழப்பை நன்மையெனக் கொள்ளும்படி அது கேட்கவும் இல்லை. ஆயினும் தமிழில் ‘நன்றி கூறு’ என்றவுடன் ‘எதற்கு?’ என்னும் வினா தானே எழுகிறது. அவ்வினை நான்காம் வேற்றுமைப் பொருளொன்றை அவாவி நிற்பது. இழப்பு நேர்ந்த வீட்டில் அவ்விடத்தை நிரப்பக் கண்முன் இருப்பது இழப்பு ஒன்றே. ‘ஸ்தோத்திரம்’ இவ்வாறு காரணப் பொருளை அவாவுவதில்லை. யாருக்கு என்பது தெரிந்தால் அதற்குப் போதும். பாட்டியால் சொல்ல முடிந்ததும் பேரனால் சொல்ல முடியாமற் போனதும் நம்பிக்கையின் ஏற்றத்தாழ்வால் மட்டும் அன்று என்றே கருதுகிறேன்.

காரணத்தை அவாவாத அத்தன்மையே ‘ஸ்தோத்திர’த்தின் குறையும் ஆகும். எதற்கென்று கேளாத சொல், எதனையும் உற்று நோக்காமலே சொல்லத்தக்கதாகிவிடுகிறது. சபைகளில் அது வணக்கச் சொல்லாகவும், பேச்சினிடையே மூச்சுவிடும் இடத்தை நிரப்பும் அசையாகவும் தேய்ந்திருப்பதை எவரும் அறிவர். காலையில் குழாயில் வந்த தண்ணீர், அண்டை வீட்டார் காய்ச்சலின்போது கொடுத்தனுப்பிய கஞ்சி, பேருந்தில் இடம் விட்ட இளைஞர் போன்ற சின்னஞ்சிறு நன்மைகளைத் தனித்தனியே எடுத்துப் பார்க்க அச்சொல் உதவுவதில்லை. அன்றாட நன்றி என்பதோ அத்தகைய சிறியவற்றில்தான் பயிலப்படுகிறது. மறுபுறம், தமிழ் வீடுகளில் தாய்க்கோ மனைவிக்கோ ‘நன்றி’ சொன்னால் அது அந்நியமாகவே ஒலிக்கும். ‘நீ நல்லாயிருக்கணும்’ என்று மூத்தோர் வாழ்த்துவதே நம் வீட்டு வழக்கு. கீழிருந்து மேலே செல்லும் நன்றிக்கு வீட்டு மொழியில் ஆயத்தமான வாய்பாடு இல்லை. பணிவும் நினைவும்தான் உண்டு.

அண்டை மொழிகள் இச்சிக்கலை வெவ்வேறாக எதிர்கொண்டுள்ளன. தெசலோனிக்கேயர் வசனத்தில் மலையாளத்தின் பழைய விவிலியம் தமிழைப் போலவே ‘ஸ்தோத்ரம்’ என்றது. தெலுங்கு ‘க்ருதஜ்ஞதா ஸ்துதுலு’ என்னும் கூட்டுச்சொல்லால் இரண்டையும் இணைத்தது. ‘க்ருதஜ்ஞதா’ என்பதன் பொருள் செய்ததை அறியும் தன்மை. குறளதிகாரத் தலைப்பும் வேறொன்றைச் சொல்லவில்லை. இந்தியின் ‘தன்யவாத்’ இன்று எளிய உபசார மொழி. தெலுங்கு மொழிபெயர்ப்பாளர் கண்ட தீர்வு நீளமானது, ஆனால் நேர்மையானது: அறிதலைப் புகழ்தலிலிருந்து பிரிய விடவில்லை.

அத்தீர்வுக்கு வேண்டிய சொல் தமிழில் கடன் வாங்காமலே இருந்தது. ‘நன்றியறிதல்’ என்னும் அச்சொல்லைப் பழைய பதிப்பு மனிதருக்கும் மனப்பண்புக்கும் ஒதுக்கிவிட்டு, கடவுளை நோக்கிய செயலிலிருந்து அகற்றிவைத்தது. பொதுமொழிபெயர்ப்போ ‘ஸ்தோத்திரம்’ இருந்த இடத்தில் ‘நன்றி’யைக் ‘கூறு’, ‘செலுத்து’ என்னும் வினைகளோடு வைத்தமையால், அறிதல் அங்கும் இடம் பெறவில்லை. இவ்விரு பதிப்புகளும் ஒருசேர நழுவவிட்ட வாய்ப்பு ரோமர் திருமுகத்தின் முதல் அதிகாரத்தில் (1:21) உள்ளது. மனிதர் கடவுளை அறிந்திருந்தும் அவருக்கு நன்றி கூறவில்லை என்பது பவுலின் குற்றச்சாட்டு. மூலத்தில் ‘அறிந்து’ என்னும் எச்சம் வெளிப்படையாகவே நிற்கிறது. கடவுளை அறிந்தும் அவர் நன்றியை அறியாதார் எனத் தமிழாக்கியிருப்பின், ‘அறி’ என்னும் ஒரே பகுதி இருமுறை வந்து குற்றத்தின் தன்மையைத் துலக்கியிருக்கும். பழந்தமிழ்ப் பொருளில் ‘நன்றி’ என்பது செய்யப்பட்ட நன்மையாகவும் நின்றிருக்கும். 103ஆம் சங்கீதத்தின் இரண்டாம் வசனமும் வாழ்த்துக்கு அடுத்தபடியாகப் பெற்ற நன்மைகளை மறவாமையைத்தான் கேட்கிறது.

இதற்கு ஒரு தடை எழுப்பப்படலாம். ‘யூகரிஸ்தேயோ’ வாயால் உரைக்கும் செயல். ‘நன்றியறிதல்’ உள்ளத்தின் நிலை. ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைப்பது தகாது என்பர். அத்தடை ஓரளவு சரியே. உணவின்முன் நிகழும் வேண்டுதலில் வாய்மொழி இன்றியமையாதது. அங்கு ‘நன்றி கூறி’ என்பதை மாற்ற வேண்டியதில்லை. ஆனால் இடைவிடாது செய்க என்று கட்டளையாக வருமிடங்களில், எந்நேரமும் வாயால் கூறிக்கொண்டிருப்பது ஒருவராலும் ஆகாது. அங்குக் கருதப்படுவது பழக்கமாகிவிட்ட உள்ளமே. அவ்விடங்களில் ‘நன்றியறிதலோடு இருங்கள்’ என்பது மூலத்தின் நோக்கத்திற்கு அண்மையது. அந்தப் பேரனும் அவ்வாறு இருக்க முயன்றிருக்கலாம். தாத்தாவின் இறப்புக்கு நன்றி கூறத் தேவையில்லை, அவர் வாழ்ந்த நாள்களின் நன்மையை அறிந்தால் போதும் என்று அவனுக்கு அன்றே விளக்கியிருக்க முடியும். எனக்கு அப்போது இது தோன்றவில்லை.

திருத்தப் பதிப்பொன்றை உருவாக்கும் குழு இவ்விடங்களை ஒவ்வொன்றாகவே தீர்மானிக்க வேண்டும். ஒரு கிரேக்கச் சொல்லுக்கு ஒரு தமிழ்ச் சொல் என்னும் விதி இங்கு உதவாது. முதலில் எடுத்துக்கொள்ளத்தக்கது அப்போஸ்தலர் 27:35 என்பேன். புயலில் அலைக்கழிந்த கப்பலில் 276 பேர். பதினான்கு நாள்களாகச் சரியாக உண்ணவில்லை. விடிந்தால் கப்பல் உடையப் போகிறது. பவுல் எல்லார் முன்னிலையிலும் அப்பத்தை எடுத்து, கடவுளுக்கு நன்றி கூறி, பிட்டு உண்ணத் தொடங்குகிறார். கையில் அப்பம் இருப்பதால் இங்கு ‘எதற்கு?’ என்னும் வினாவுக்கு விடை உண்டு. சுற்றிலும் கடல் இருப்பதால் ‘எதன் நடுவில்?’ என்பதற்கும் விடை உண்டு. பழைய பதிப்பு இங்கும் ‘ஸ்தோத்திரம்’ என்னும் வேர்ச்சொல்லையே ஆண்டது. பாய்மரமும் நங்கூரமும் பற்றி அவ்வளவு நுணுக்கமாகப் பேசும் அதிகாரத்தில், அந்த ஒரு துண்டு அப்பத்திற்குரிய சொல் எது என்பதைக் குழுவினர் பொறுமையாகப் பேசித் தீர்க்கட்டும்.